முகம் இருக்கிறது, பெயர் எங்கே?

சினிமா போஸ்டரை யாரும் நெடுநாள் வாழட்டும் என்று அச்சடிப்பதில்லை. படம் மாறினால் அதன் மேலேயே அடுத்த போஸ்டர் ஒட்டப்படும். 1910களில் அமெரிக்கச் சிற்றூர்க் கொட்டகைகள் பலவற்றில் வாரத்துக்குப் பல முறை படம் மாறியது. சிலவற்றில் தினமுமே மாறியது. அங்கே ஒரு போஸ்டரின் ஆயுள் ஒரு நாள்தான். அந்த ஒருநாள் காகிதத்தைத் தேடிச் சேர்த்து, கிழிசலை ஒட்டி, நூறு வருடம் கழித்தும் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டிய அவசியம் என்ன?

காரணம் எளிமையானது. படம் அழிந்துவிட்டது, காகிதம் மிஞ்சியிருக்கிறது.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக டேவிட் பியர்ஸ் என்ற ஆய்வாளர் எழுதிய அறிக்கை 2013இல் வெளிவந்தது. 1912 முதல் 1929 வரை அங்கே வெளியான முழுநீள மௌனப்படங்கள் 10,919. முதலில் வெளியான அதே வடிவில் முழுமையாக எஞ்சியவை 1,575. அதாவது 14 விழுக்காடு. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், தானாகவே மக்கியும் போகும். 1937 ஜூலையில் நியூஜெர்சி மாநிலத்தின் லிட்டில் ஃபெர்ரியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது அதன் மௌனப்படங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் போனது. மற்றவற்றுக்கு நெருப்பு தேவைப்படவில்லை. பேசும்படம் வந்த பிறகு மௌனப்படத்தால் காசில்லை என்று நிறுவனங்களே தூக்கி எறிந்தன. ஃபிலிமில் இருந்த வெள்ளியைப் பிரித்தெடுக்க உருக்கியவர்களும் உண்டு.

இந்த இழப்பு எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் பெண்களுக்கு இதில் கூடுதல் நட்டம் இருக்கிறது. சினிமா பிறந்த முதல் 25 வருடங்களில் இயக்குநராக, கதாசிரியராக, தயாரிப்பாளராக வேலை பார்த்த பெண்களின் எண்ணிக்கை அதற்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் இருந்ததைவிட அதிகம். 1912க்கும் 1919க்கும் இடையே யுனிவர்சல் என்ற ஒரே நிறுவனத்தில் 11 பெண்கள் இயக்குநர்களாக இருந்து, குறைந்தது 170 படங்களை எடுத்திருக்கிறார்கள். பிறகு சினிமா பெருந்தொழிலானது, வங்கிப் பணம் வந்தது, பெண்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். படங்களும் அழிந்தன. அழிந்த படங்களைப் பார்க்காமலே வரலாறு எழுதியவர்கள், சினிமாவை ஆண்கள் உருவாக்கினார்கள், பெண்கள் அதில் நடித்தார்கள் என்று எழுதி முடித்தார்கள். அது தவறு என்று காட்டுவதற்கு நம் கையில் மிஞ்சியிருக்கும் சாட்சிகளில் ஒன்று போஸ்டர்.

காகிதத்தைப் பழுதுபார்க்கும் வேலை கற்றவள் நான். பழைய நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கடைக் கணக்குப் பேரேடு என்று பலதும் என் மேஜைக்கு வரும். அசல் மௌனப்பட போஸ்டர் ஒன்றுகூட என்னிடம் கிடையாது. வாங்கும் வசதியும் இல்லை. நூலகங்களும் அருங்காட்சியகங்களும் பொதுவில் வைத்திருக்கும் படிமங்களைத்தான் பல வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். அதோடு ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். அதில் நான்கு கட்டங்கள். போஸ்டரில் யார் முகம்? யார் பெயர்? அந்தப் படத்தில் உண்மையில் வேலை செய்த பெண்கள் யார்? படம் எஞ்சியிருக்கிறதா? இந்த நான்கு கட்டங்களையும் அடுத்தடுத்து நிரப்பியபோது எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்லில் வரைந்த முகங்கள்

அந்தக் காலத்து போஸ்டர்களில் பெரும்பாலானவை லித்தோ முறையில் அச்சானவை. ஜெர்மனியின் பவாரியாவில் கிடைக்கும் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்குள்ள குச்சியால் படத்தை வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், கோடு இருக்கும் இடத்தில் மட்டும் மை பிடிக்கும், மற்ற இடத்தில் தண்ணீர் அதை விரட்டிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். பிறகு கல்லின் இடத்துக்குத் துத்தநாக, அலுமினியத் தகடுகள் வந்தன. அமெரிக்காவில் இந்தத் தொழிலின் பெரிய மையங்களில் ஒன்று ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட். மார்கன், ஓட்டிஸ் என்ற இரண்டு லித்தோ அச்சகங்களும் அங்கேதான் இருந்தன.

போஸ்டருக்கு அளவுக் கணக்கும் இருந்தது. 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் கொண்டது ஒரு தாள். அதைவிடப் பெரியவை மூன்று தாள், ஆறு தாள் போஸ்டர்கள். தெருவோரப் பலகையை நிரப்புவது இருபத்து நான்கு தாள். ஃபிலிம் பெட்டியோடு போஸ்டரையும் மடித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். ஒட்டாதவை திரும்பி வந்து அடுத்த ஊருக்குப் போயின. அதனால்தான் இன்று கிடைக்கும் போஸ்டர்கள் பெரும்பாலும் மடிப்புக் குறுக்கே கிழிந்திருக்கின்றன. எஞ்சியவற்றில் பல, குளிருக்காகச் சுவருக்குள் திணிக்கப்பட்டும் தரைவிரிப்புக்கு அடியில் பரப்பப்பட்டும் தப்பித்தவை.

வரைந்தவர் யார்? பெரும்பாலான அமெரிக்க போஸ்டர்களில் கையொப்பம் கிடையாது. அச்சகத்தின் பெயர் ஓரத்தில் சின்னதாக இருக்கும், கலைஞரின் பெயர் இருக்காது. கலைஞர் ஆணா பெண்ணா என்பதைக்கூடப் போஸ்டரை வைத்துச் சொல்ல முடியாது.

பெயர் தராத காலம்

நடிகைகளுக்கே ஆரம்பத்தில் பெயர் கிடையாது. ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ் பயோகிராஃப் நிறுவனத்தின் படங்களில் நடித்தபோது அவர் பெயரை நிறுவனம் வெளியிடவில்லை. பெயர் தெரிந்தால் கூலி கேட்பார்கள் என்ற பயம் முதலாளிகளுக்கு இருந்தது. ரசிகர்கள் அவரை ‘பயோகிராஃப் பெண்’ என்றே அழைத்தார்கள். முதலாளியின் பெயரைச் சுமந்த பெண். பிறகு கார்ல் லேம்லி அவரைத் தன் நிறுவனத்துக்கு அழைத்துவந்தார். அப்போது லாரன்ஸ் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி கிளம்பியது. அது பொய், அவர் எங்களோடு உயிரோடு இருக்கிறார் என்று லேம்லி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். வதந்தியைக் கிளப்பியதே அவர்தான் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஒரு பெண்ணின் பெயரை வெளியே சொல்ல முதலில் அவளைச் சாகடிக்க வேண்டியிருந்தது. 1938இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய கல்லறையில் பெயர்க்கல் வைக்கப்பட்டது 1991இல்.

பெயர் கொடுத்தபோது அதுவும் சொந்தப் பெயராக இருக்கவில்லை. ஒஹையோவின் சின்சினாட்டியில் பிறந்த யூதப் பெண் தியோடோசியா குட்மேன், ஃபாக்ஸ் நிறுவனத்தில் தீடா பாரா ஆனார். எகிப்தின் பாலைவனத்தில் பிறந்தவர் என்று கதை கட்டினார்கள். ஆண்களை உறிஞ்சி அழிக்கும் மோகினியாக அவரைப் போஸ்டர் போஸ்டராக வரைந்தார்கள். அவர் நடித்தவை ஏறத்தாழ 40 படங்கள். முழுமையாக எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1917இல் வந்த ‘கிளியோபாட்ரா’வில் சில நொடிக் காட்சிகள் மட்டுமே கிடைத்திருக்கின்றன. அவர் எப்படி நடித்தார், எந்த இடத்தில் கதாபாத்திரத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டார் என்று நம்மால் பார்க்க முடியாது. போஸ்டரும் விளம்பரப் புகைப்படமும் இருக்கின்றன. விற்பதற்காகச் சொன்ன பொய் ஆவணமாக நின்றுவிட்டது. அவரது உழைப்பு எரிந்துவிட்டது.

ஆகவே போஸ்டரை நம்பி வரலாறு எழுதலாம் என்று நான் சொல்ல வரவில்லை. போஸ்டர் விளம்பரம். அதைக் குறுக்கு விசாரணை செய்துதான் வாங்க வேண்டும்.

இயக்கியவர்கள்

ஆலிஸ் கீ பிரான்சில் கோமோன் நிறுவனத்தில் செயலாளராகச் சேர்ந்தவர். 1896இல் முட்டைக்கோஸ் தேவதையைப் பற்றிய ஒரு சிறு படத்தை எடுத்தார். கதைப்படத்தின் தொடக்கக்காரர்களில் ஒருவர் அவர். 1910இல் அமெரிக்காவில் சோலாக்ஸ் என்ற தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, 1912இல் நியூஜெர்சியின் ஃபோர்ட் லீயில் ஸ்டுடியோவே கட்டினார். ‘இயல்பாக இருங்கள்’ என்று அங்கே எழுதி மாட்டியிருந்தார். அந்தக் காலத்துச் சிறு படங்களின் போஸ்டரில் நிறுவனத்தின் பெயர்தான் பெரிது, இயக்குநரின் பெயரைப் போடும் வழக்கம் பரவலாக இல்லை. அதனால் ‘சோலாக்ஸ்’ என்ற ஐந்தெழுத்தைப் பார்த்தாலே அதற்குப் பின்னால் முதலாளியாகவும் இயக்குநராகவும் ஒரு பெண் இருந்தாள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு அது வெறும் நிறுவனப் பெயர்.

1922இல் அவர் பிரான்சுக்குத் திரும்பினார். பின்னர் தன் படங்களைத் தேடி அமெரிக்காவுக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது ஏதுமில்லை. அவர் எடுத்த படங்கள் அவரிடம் வேலை பார்த்த ஆண்களின் பெயரில் புத்தகங்களில் ஏறியிருந்தன. திருத்தச் சொல்லிக் கடிதங்கள் எழுதினார், நினைவிலிருந்து தன் படங்களின் பட்டியலைத் தயாரித்தார், சுயசரிதை எழுதினார். 1968இல் இறந்தார். சுயசரிதை 1976இல்தான் அச்சானது.

லோயிஸ் வெபரின் கதை வேறு மாதிரி. அவர் காலத்தில் அவர் பெயருக்கே கூட்டம் வந்தது. 1916இல் அவர் ‘ஷூஸ்’ எடுத்தார். கிழிந்த காலணியோடு வேலைக்குப் போகும் கடைப்பெண் புதுக் காலணிக்காகத் தன்னையே விற்க நேரும் கதை. அதே ஆண்டில் கருத்தடையையும் கருக்கலைப்பையும் பேசிய ‘என் குழந்தைகள் எங்கே?’ என்ற படமும் வந்தது. கருத்தடையை ஆதரித்த அந்தப் படம் கருக்கலைப்பைக் கண்டித்தது. ஏழைகள் குறைவாகப் பெற வேண்டும் என்ற இனமேம்பாட்டுவாத வாடையும் அதில் உண்டு. அதையும் சேர்த்தேதான் நாம் படிக்க வேண்டும். கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவிக்கு நம் மரபு நடனத்தின் பக்கம் திரும்பச் சொல்லி ஊக்கம் தந்த பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா நடித்த ஒரே முழுநீளக் கதைப்படத்தை இயக்கியதும் இந்த வெபர்தான்.

இவ்வளவு புகழ் இருந்தும், அவரும் கணவர் ஃபிலிப்ஸ் ஸ்மாலியும் சேர்ந்து எடுத்த படங்கள் பலவற்றில் அவர்கள் ‘ஸ்மாலீஸ்’ என்று கணவரின் குடும்பப் பெயரால் அறிவிக்கப்பட்டார்கள். 1917இல் கருத்தடைப் போராளி மார்கரெட் சாங்கரின் வழக்கைத் தழுவி வெபர் ஒரு படம் எடுத்தார், கதாநாயகியாகத் தானே நடித்தார். அதற்கு முதலில் வைத்த பெயர் ‘பெண் ஒரு மனுஷியா?’. பிறகு தொட்டிலை ஆட்டும் கையைப் பற்றிய பழமொழித் தலைப்பாக அது மாறியது. கேள்வி போய்த் தாய்மை வந்தது. அந்தப் படம் இன்று இல்லை. அதைப் பற்றி நாம் அறிவதெல்லாம் கதைப்பிரதி, விளம்பரம், பத்திரிகைச் செய்தி ஆகிய காகிதங்கள் வழியாகத்தான். வெபர் 1939இல் ஏறக்குறைய வறுமையில் இறந்தார்.

விலை யாருக்கு?

இன்று மௌனப்பட போஸ்டர் பெரிய வணிகம். 1927இல் வெளியான ஜெர்மன் படம் ‘மெட்ரோபொலிஸ்’. அதற்காக ஹைன்ஸ் ஷுல்ட்ஸ் நொய்டாம் வரைந்த போஸ்டரின் ஒரு பிரதி 2005இல் 6,90,000 டாலருக்கு விற்பனையானது. அதுவரை எந்த சினிமா போஸ்டரும் அவ்வளவு விலைக்குப் போனதில்லை. அதில் இருப்பது பெண் உருவில் செய்த இயந்திரம். அந்தப் படத்தின் நாவலையும் திரைக்கதையையும் எழுதியவர் தியா ஃபான் ஹார்பூ என்ற பெண். பின்னாளில் நாஜி ஆட்சியின் கீழும் தொடர்ந்து எழுதியவர் அவர், கொண்டாடப்பட வேண்டியவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பேசும் இடமெல்லாம் இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங்கின் பெயரும் இயந்திரப் பெண்ணின் உருவமும் வருகின்றன, எழுதிய பெண் வருவதில்லை.

சந்தையின் விருப்பத்தைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும். அரிதானதுக்கு விலை உண்டு. கோரமும் மோகமும் விலையை ஏற்றும். வறுமை, கருத்தடை, கடைப்பெண்ணின் காலணி என்று எடுத்த படத்தின் போஸ்டருக்கு அந்த மோகம் கிடையாது. விலை இல்லாததைப் பாதுகாக்கச் செலவு செய்பவர்கள் குறைவு. இப்படித்தான் ரசனை மெல்ல மெல்ல ஆவணக்காப்பகமாக மாறுகிறது.

இதற்கு மாறான போஸ்டர்களும் உண்டு. 1914இல் தொடங்கிய ‘ஹெலனின் ஆபத்துகள்’ என்ற தொடர் 119 பகுதிகள் ஓடியது. ரயில்வே தந்தி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஓடும் ரயிலில் தாவுவாள், கொள்ளைக்காரனைத் துரத்திப் பிடிப்பாள். பேர்ல் வைட் நடித்த ‘பாலினின் அபாயங்கள்’ தொடரும் அதே ஆண்டில் வந்தது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920இல். அதற்கு ஆறு வருடம் முன்பே, தொழிற்சாலை விட்டு வீடு திரும்பும் பெண், தெருச் சுவரில் ரயில் மேல் நின்ற இன்னொரு பெண்ணை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எந்தப் புள்ளிவிவரத்திலும் பிடிக்க முடியாது. அந்தப் போஸ்டரை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்.

வரைந்த கை, சேர்த்த கை

பெண்கள் போஸ்டர் வரைந்ததே இல்லையா? நெதர்லாந்தில் டோலி ரூடமன் வரைந்தார். 1902இல் ஜாவாவில், அன்றைய டச்சுக் காலனியில், பிறந்தவர். 1926இல் அங்கே ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ வெளியானபோது அதற்கு போஸ்டர் செய்தவர் அவர்தான். சோவியத் போஸ்டர் என்றதும் ஆண் கலைஞர்களின் பெயர்களைப் படிக்கும் நம் மாணவிகள் இவருடைய பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும். புகழ்பெற்ற அந்தப் புரட்சிப் படத்தை டச்சு மக்களுக்குத் தெருவில் அறிமுகம் செய்தது ஒரு பெண்ணின் தூரிகை.

சேகரிப்பவர் என்றால் நமக்கு உடனே ஓர் ஆண்தான் நினைவுக்கு வருவார். அறை முழுக்கப் பெட்டி, கையில் உருப்பெருக்கி. உண்மையில் இந்தக் காகிதங்களைக் காப்பாற்றிய நிறுவனங்களின் அடித்தளத்தில் பெண்கள் இருக்கிறார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1935இல் தொடங்கிய திரைப்பட நூலகத்தை வளர்த்தெடுத்தவர் ஐரிஸ் பேரி. ஆஸ்கர் விருது தரும் அகாதமியின் நூலகம் இன்று மார்கரெட் ஹெரிக் என்ற நூலகரின் பெயரில் இயங்குகிறது. லோட்டே ஐஸ்னர் ஜெர்மனியிலிருந்து தப்பி பாரிசுக்கு வந்த யூதப் பெண். போர்க்காலத்தில் குர்ஸ் முகாமில் அடைக்கப்பட்டார், அங்கிருந்து தப்பித் தலைமறைவாக வாழ்ந்தபோதும் ஒளித்துவைத்த ஃபிலிம்களைப் பார்த்துக்கொண்டார். 1945 முதல் 30 ஆண்டுகள் பிரெஞ்சு சினமாதெக்கின் தலைமைக் காப்பாளராக இருந்து கதைப்பிரதிகள், அரங்க ஓவியங்கள், உடைகள், போஸ்டர்கள் என்று சேர்த்தார். அந்த நிறுவனத்தைப் பற்றிய பேச்சில் முதலில் வரும் பெயர் ஆன்றி லாங்லுவா. கேட்டு வாங்கி, பட்டியலிட்டு, பெட்டியில் வைக்கும் வேலையை வரலாறு வீட்டுவேலை மாதிரியே நடத்துகிறது. செய்யாவிட்டால் மட்டும் தெரியும்.

பசையும் நேர்மையும்

இனி என் மேஜையின் மொழியில் கொஞ்சம் பேசுகிறேன்.

பழைய போஸ்டர் மலிவான மரக்கூழ்க் காகிதம். அதில் அமிலம் உண்டு. வெளிச்சமும் வெப்பமும் பட்டால் பழுப்பேறி, தொட்டால் உடையும். முதலில் முன்பக்கமும் பின்பக்கமும் புகைப்படம் எடுத்துக் குறிப்பு எழுத வேண்டும். பிறகு மென்மையான தூரிகையால் தூசி நீக்கம். ஒவ்வொரு நிறமும் தண்ணீரில் கரைகிறதா என்று ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். கரையாது என்று உறுதியானால்தான் சுத்தமான நீரில் கழுவலாம், அமிலத்தைக் குறைக்கலாம். யாரோ அன்போடு ஒட்டிய செல்லோ டேப்பைப் பிரிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். அதன் பசை காகித நாருக்குள் மஞ்சளாக இறங்கியிருக்கும்.

கிழிசலை ஒட்டப் பயன்படுவது நீண்ட நாருள்ள ஜப்பானியக் காகிதமும் கோதுமை மாவுச்சத்தால் காய்ச்சிய பசையும். நம் ஊரில் போஸ்டர் ஒட்டுபவர் வாளியில் கரைக்கும் மைதாப் பசைக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி. மைதாவில் புரதம் இருப்பதால் பூச்சி வரும், அதற்காகத்தான் மயில்துத்தம் கலப்பார்கள். மேஜையில் பயன்படுத்தும் பசையில் புரதத்தை நீக்கிவிடுவதால் துத்தம் வேண்டியதில்லை. முக்கியமான குணம், நூறு வருடம் கழித்தும் ஈரம் காட்டினால் பிரிந்து வரும். பெரிய போஸ்டர்களை இழுத்துக் கட்டிய துணியின் மேல் ஒட்டிப் பலப்படுத்துவதும் உண்டு. அங்கேயும் காகிதத்துக்கும் துணிக்கும் நடுவே ஜப்பானியக் காகிதம் ஒன்று இருக்க வேண்டும். நாம் செய்த எதையும் பின்னால் வருபவர் பிரித்தெடுக்க முடிய வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி.

இரண்டாவது விதிதான் சிக்கலானது. ஓட்டை விழுந்த இடத்தை என்ன செய்வது? அதே கனமுள்ள காகிதத்தால் நிரப்பி, சுற்றியிருக்கும் நிறத்துக்கு ஒத்துப்போகும் மங்கலான நிறம் கொடுக்கலாம். அழிந்த படத்தை வரையலாமா? வானம், சுவர் போன்ற வெற்றிடம் என்றால் தொடரலாம். முகம் என்றால்?

ஒருமுறை பழைய நாடக நோட்டீஸ் ஒன்று எனக்கு வந்தது. நடிகையின் முகத்தைப் பூச்சி அரித்திருந்தது. பெயரில் பாதி எழுத்து மிச்சம். கொண்டுவந்த பெரியவர் சொன்னார்: “ஏம்மா, முகத்தை மட்டும் நீயே அழகா வரைஞ்சு கொடுத்துடேன். சட்டம் போட்டு மாட்டணும்.”

“அவங்க எப்படி இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?”

“யாருக்கும்மா தெரியும்? லட்சணமா இருந்தா போதும்.”

நான் வரையவில்லை. அந்த இடத்தை இளம்பழுப்பில் நிரப்பிக் கொடுத்தேன். அவருக்கு முழு மனமில்லை. ஆனால் லட்சணமாக ஒரு முகத்தை நான் வரைந்திருந்தால், பத்து வருடம் கழித்து யாரோ ஒரு மாணவி அதை அந்த நடிகையின் முகமென்று ஆய்வேட்டில் சேர்த்திருப்பாள். வாழ்ந்த ஒரு பெண்ணின் இடத்தில் என் கற்பனையின் பொம்மை உட்கார்ந்திருக்கும். ஃபாக்ஸ் நிறுவனம் தியோடோசியாவுக்குச் செய்ததை நான் பசையும் தூரிகையும் வைத்துச் செய்திருப்பேன்.

போஸ்டரே அடிக்காத படங்கள்

என் நோட்டின் கட்டங்களில் சில வரிகள் முழுக்கக் காலி. 1916 வாக்கில் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் மேரியன் வாங் என்ற சீன அமெரிக்கப் பெண் ‘குவான் குவோனின் சாபம்’ என்ற படத்தை எழுதி, இயக்கி, நடித்தார். குடும்பத்துப் பெண்களும் நடித்தார்கள். விநியோகஸ்தர் கிடைக்கவில்லை. விநியோகம் இல்லையென்றால் ஊர் ஊராகப் போகும் போஸ்டரும் இல்லை. குடும்பத்தார் பத்திரப்படுத்தியதால் சில ரீல்கள் தப்பின. 1922இல் டிரெஸ்ஸி சவுடர்ஸ் என்ற கறுப்பினப் பெண் ‘ஒரு பெண்ணின் பிழை’ என்ற முழுநீளப் படத்தை இயக்கினார். அந்தப் படம் இன்று இல்லை. லித்தோக் கல்லும் ஆறு தாள் போஸ்டரும் பணமுள்ளவர்களின் சாட்சியங்கள். அவற்றை மட்டும் சேர்த்தால் வெள்ளையரின் சினிமாவைத்தான் சேர்த்திருப்போம்.

இந்தக் காலிக் கட்டங்களிலிருந்து நம் ஊர் வெகு தூரமில்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்கள் சுமார் 1,300. எஞ்சியவை மிகச் சில. 1926இல் ‘புல்புலே பரிஸ்தான்’ எடுத்த முதல் இந்தியப் பெண் இயக்குநர் ஃபாத்மா பேகத்தின் அந்தப் படம் நமக்குக் கிடைக்கவில்லை.

1920களின் இறுதியில் ஜே. சி. டேனியல் திருவனந்தபுரத்தில் எடுத்த ‘விகதகுமாரன்’ படத்தில் பி. கே. ரோஸி நடித்தார். தலித் பெண். படத்தில் நாயர் குலப் பெண்ணாக வந்தார். அதற்காகவே சாதி வெறியர்கள் திரைக்குக் கல்லெறிந்தார்கள், அவரைத் துரத்தினார்கள். அவர் தமிழ் பேசும் நாகர்கோவில் பக்கம் வந்து, நடித்ததை வெளியே சொல்லாமல் வாழ்ந்து மறைந்ததாகச் சொல்லப்படுகிறது. படம் இல்லை. இன்று அவருடையது என்று சுற்றிவரும் ஒரு புகைப்படம் உண்மையில் அவர்தானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

அந்தப் புகைப்படத்தைப் பகிரும் தோழிகளின் ஆசை எனக்குப் புரிகிறது. அழிக்கப்பட்ட ஒருத்தியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அது. ஆனாலும் நோட்டீஸுக்குச் சொன்னதையே இதற்கும் சொல்வேன். உறுதியில்லாத முகத்தை ஒட்டினால், யார் அவரைத் துரத்தினார்கள், ஏன் அவர் முகம் நமக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்விகள் அந்த முகத்துக்குப் பின்னால் மறைந்துபோகும். காலியாக விட்ட இடம் அந்தக் குற்றத்தின் தடயம். அதையும் நாம் பாதுகாக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். பழைய போஸ்டர் ஒன்று கண்ணில் பட்டால், அது எந்த நாட்டுடையதாக இருந்தாலும், அழகாக இருக்கிறது என்று பகிர்வதற்கு முன் அந்த நான்கு கட்டங்களையும் நிரப்பிப் பாருங்கள். யார் முகம், யார் பெயர், யார் உழைப்பு, படம் இருக்கிறதா. வீட்டுப் பரணில் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் நாடக நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ கிடைத்தால் டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் புகைப்படம் எடுங்கள். பென்சிலால் தனித் தாளில் எங்கே கிடைத்தது, யாருடையது என்று எழுதி, வெயில் படாமல் தட்டையாக வையுங்கள். பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்தத் தாளில் அச்சாகாத பெயர் அவருக்கு நினைவிருக்கலாம்.